மூன்று ஊதல்

மூன்றாவது ஊதலும் வந்து நின்றபோதுதான் அது எதிரொலி இல்லை என்று ஆஃப்ராவுக்கு உறைத்தது.

எதிரே நிற்கும் வடக்குச் சுவர் எந்த ஒலியையும் அப்படியே திருப்பித் தரும் பாறை. சிறுமி ஊதியது ஆறு முறை. திரும்பி வந்ததோ மூன்று. அதுவும் அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. டிரோல் மலைகளில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். ஆறு என்றால் ஆபத்து, காப்பாற்றுங்கள். மூன்று என்றால் கேட்டுவிட்டது, வருகிறோம்.

அந்தச் சைகையை விளையாட்டுக்கு ஊதக்கூடாது. கோடை முழுக்க விடுதி விருந்தினர்களை மேய்ச்சல் மேட்டுக்கு அழைத்து வரும் ஆஃப்ரா, ஊதிக் காட்டாமல், விரல்களில் எண்ணிக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பாள். ஆனால் ஹாம்பர்க்கிலிருந்து வந்த குட்டி வீப்கே காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டே வந்தாள். கால் வலிக்குது, பசிக்குது, மாடு நாறுது. கடைசியில் பொறுமையிழந்து ஆஃப்ராவே தன் கழுத்து விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"கேட்டீங்களா? அங்க ஒரு ஆள ஒளிச்சு வச்சிருக்கீங்க!" வீப்கேயின் அப்பா டெட்லெஃப் கைதட்டிச் சிரித்தார். "நல்லாத்தான் படம் காட்டுறீங்க, ஆஃப்ரா."

அவள் வாக்கி-டாக்கியை எடுத்து, கீழே குடிலில் இருக்கும் மீட்புக் குழுத் தலைவரைக் கூப்பிட்டாள்.

"அலோயிஸ், வடக்குச் சுவர்ல நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

"மொத்தக் குழுவும் இங்க பீரும் கையுமா உக்காந்திருக்கு. அந்தக் காலத்துல அங்க தேடிப் போன குழுவே திரும்பல, அந்தப் பக்கம் எவன் போவான்? ஏன்?"

"பதில் வந்துச்சு."

அலோயிஸுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பொலி மெல்ல அடங்கியது.

"ஊதினது நீயா?"

"கூட வந்த குழந்தை."

குடிலில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் ஓசை கேட்டது.

"அவ கைய விடாத, ஆஃப்ரா. இறங்கு. நாங்க மேல வர்றோம்."

இறங்கினார்கள். பனிமூட்டம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து, முதலில் பாதையையும், பிறகு பாதையோரப் புல்லையும், கடைசியில் அவர்கள் காலணிகளையுமே விழுங்கிவிட்டது. எங்கோ மேய்ந்துகொண்டிருந்த மாடுகளின் மணிகள், யாரோ ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் பொத்தியதுபோல், அடுத்தடுத்து ஊமையாயின. மறுபடி மூன்று ஊதல். இந்த முறை சுவரிலிருந்து அல்ல. சுவரடியின் கற்சரிவிலிருந்து.

வீப்கே முகம் மலர்ந்தாள். "என்னத் தேடித்தானே வர்றாங்க?"

"பேசாம வா, கண்ணு."

ஈரக் கம்பளியின் வாடை வந்தது. துருவின் வாடை. அதற்கும் அடியில், பல குளிர்காலங்களாக வெயிலே படாத பனியின் வாடை. பாறைமீது ஆணி அடித்த காலணிகள் உரசின. அப்படிப்பட்ட காலணியை இப்போது யாரும் அணிவதில்லை.

டெட்லெஃபின் சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவர் கைகளை வாயருகே குவித்துக்கொண்டு மூட்டத்துக்குள் கத்தினார்: "ஒண்ணுமில்லீங்க! சும்மா விளையாட்டு! திரும்பிப் போயிடுங்க!"

காலடிகள் நின்றன.

பிறகு ஓடி வந்தன.

ஆஃப்ரா சிறுமியைத் தூக்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். ஓடினாள். முன்னாலும் காலடி. பின்னாலும். நின்றாள்.

மூட்டம் சற்றே விலகியது. ஆண்கள். வரிசையாக. ஒரே கயிற்றில் இடுப்போடு இடுப்பாகத் தங்களைக் கட்டியிருந்தார்கள். ஜூலை வெயில் பட்டும் அவர்கள் புருவங்களில், இமைகளில், திறந்த வாய்களில் உறைந்திருந்த பனி உருகவில்லை. ஒருவர் மார்பும் மூச்சில் ஏறி இறங்கவில்லை.

கயிற்றின் கடைசியில் ஆளில்லாத ஒரு சுருக்கு. மிகச் சிறியது.

முன்னால் நின்றவன் அன்போடு, மிகுந்த அன்போடு மண்டியிட்டு, அதை விரித்துப் பிடித்தான்.

ஆஃப்ராவின் கழுத்தைக் கட்டியிருந்த பிஞ்சுக் கைகள் தளர்ந்து, அவனை நோக்கி நீண்டன.