உள்ளிருந்து புடைக்கும் தகடு

டிங்கர் தட்டியது மூன்று முறை. காதில் விழுந்தது நான்கு.

சுத்தியலைத் தாழ்த்திக் காதைக் கூர்மையாக்கினார். முப்பது வருஷமாகத் தகட்டைத் தட்டித் தட்டியே எங்கே வெறும் இரும்பு, எங்கே பட்டி பூசி மறைத்த ஓட்டை என்று சொல்லிவிடுகிற காது அவருடையது. ஆனால் மத்தியான வெயில் பட்டறைக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. சூட்டில் கூரைத் தகரம் டிக், டிக் என்று நெளிவது ஒன்றும் புதிதில்லை. அதுவாகத்தான் இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வண்டி லேசுப்பட்டதல்ல. ஐம்பதுகளில் அமெரிக்கப் பணக்காரர்களுக்கென்றே செய்தது. மூக்கிலிருந்து வால்வரை பத்தொன்பது அடி. பின்பக்கம் சுறாவின் முதுகுபோல் எழும்பிய இரண்டு துடுப்புகள். முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் என்கிற மாதிரி குரோமியம். ஓய்வு பெற்ற ஒரு டாக்டர், பழைய கார்களின் கண்காட்சிக்காகச் சீர்செய்யக் கொண்டுவந்து விட்டிருந்தார். டிங்கரும் ஒயரிங் வேலை பார்க்கும் அவருடைய தம்பியும் ஒரு மாதமாக இதோடுதான் குடித்தனம்.

சாவியைக் கொடுத்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான். "இது என் வைஃபோட வண்டி, மேஸ்திரி. ஏறினா இறங்கவே மாட்டா."

அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பல வருஷம் என்று கேள்வி; ஆனால் போய்ச் சேர்ந்தவளைப் பற்றிப் பேசுகிற குரலாக அது இல்லை. பெரிய மனிதர்களிடம் எதையும் தோண்டிக் கேட்கிற பழக்கம் டிங்கருக்கு இல்லாததால் தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார்.

பின் மட்கார்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது கறுப்புக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே பழுப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவில் விரல் கனத்துக்குப் பட்டி. அந்தத் தூள் பறந்து தொண்டையில் ஒட்டியது. நெடுநாள் பெட்டியில் மடித்துவைத்த துணியின் வாடை அதில் இருந்தது, அதற்கும் அடியில், யாரோ இப்போதுதான் கழற்றிப் போட்டதுபோல், வியர்வை வாடை. கடைசியாக வெறும் தகடு வெளியே வந்ததும் டிங்கர் அதை உள்ளங்கையால் தடவினார். ஒடுக்கு எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பது அவருக்குத் தடவினாலே தெரியும்.

இவை உள்ளேயிருந்து புடைத்தவை. சின்னச் சின்னதாக, நெருக்கமாக, நூற்றுக்கணக்கில். அவற்றை யாரோ வெளியிலிருந்து அடித்து உள்ளே தள்ளி, பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"டேய், இங்க வந்து பாருடா."

தம்பி டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தான். "டிக்கில ஏதாவது சாமான் உருண்டு இடிச்சிருக்கும்ண்ணே."

"இதுக்கும் டிக்கிக்கும் நடுவுல இன்னொரு தகடு இருக்குடா. இந்த இடுக்குல உன் கைகூட நுழையாது."

"அப்ப பேய்தான். நமக்கு வேலை வாங்கிக் குடுக்குற பேய். நல்ல பேயா இருக்கே, விடுங்க." சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு எல்லாமே சிரிப்புதான்.

டிங்கரும் தம் பங்குக்கு அவற்றை அடித்து உள்ளே தள்ளினார். மறுநாள் காலையில் ஒரு சாண் தள்ளிப் புதிதாக இரண்டு. அவற்றையும் தட்டினார். அதற்கு மறுநாள் நான்கு. அவர் கைபட்ட தகடு திரும்ப நெளிந்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கையை நன்றாக ஓங்கி ஓர் அடி போட்டார்.

அந்தப் பக்கம் ஏதோ மெத்தென்று அகப்பட்டது.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிற ஒரு மூச்சு கேட்டது. டிங்கர் அதே இடத்தில் இன்னும் மூன்று அடி போட்டார். ஏன் போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மூச்சு அடங்கியது. அந்த அடங்கல் அவருக்குப் பிடித்திருந்தது; பிடித்திருந்ததை நினைத்து நினைத்து அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

அடுத்த நாள் விடுமுறை. தெருவில் மற்ற கடைகளெல்லாம் மூடிக் கிடந்தன. கண்காட்சி நெருங்கிவிட்டதால் அண்ணனும் தம்பியும் மட்டும் வந்திருந்தார்கள். அந்த வண்டியின் டிக்கி மூடியை அறைந்து சாத்த வேண்டியதில்லை. மெல்லப் படியவைத்தால் கடைசி ஓர் அங்குலத்தை ஒரு மோட்டார் தானாக இழுத்துப் பூட்டிக்கொள்ளும். அந்த மோட்டாரின் ஒயரைப் பார்க்கத் தம்பி டார்ச்சோடு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

"ரெண்டு பேர் குடும்பம் நடத்தலாம்ண்ணே இதுக்குள்ள!"

மூடி இறங்கியது. காற்றில் இறங்குவதுபோல் மெதுவாக. பிறகு மோட்டார் முனகியது. கடைசி அங்குலத்தை இழுத்துக்கொண்டது.

பேட்டரி கழற்றி மேசைமேல் இருந்தது.

டிங்கர் சாவியைத் தேடி எடுத்துத் திறக்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே டார்ச் எரிந்துகொண்டிருந்தது. ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஆள் இல்லை.

"டேய்!"

பதில் வந்தது. டிக்கியிலிருந்து அல்ல. பின் மட்கார்டிலிருந்து. கை நுழையாத அந்த இடுக்கிலிருந்து.

"அண்ணே… இங்க ரொம்ப நெருக்கமா இருக்கு."

டிங்கர் கட்டரை எடுத்தார். சுவிட்சைப் போட்டார். சக்கரம் தகட்டைத் தொட்டது. பொறி பறந்தது. கூடவே அலறல். இரும்பு அறுபடும் சத்தத்தையும் மீறி, தம்பியின் அடிவயிற்றிலிருந்து வந்த அலறல். கட்டரை விலக்கினார். அலறல் நின்றது. மறுபடி வைத்தார்.

"வேணாம்ண்ணே! என்னை அறுக்குறீங்க!"

விரல் நீளத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அதன் ஓரம் ஈரம். துருவின் நிறம்தான். ஆனால் துரு இப்படிச் சொட்டாது.

"வெட்டினா வெளிய வருவாங்க, மேஸ்திரி."

வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. இஸ்திரி கலையாத சட்டை, கையில் மடித்த குடை.

"ஆனா முழுசா வர மாட்டாங்க. நான் ஒருதடவை வெட்டிப் பாத்துட்டேன்."

"என் தம்பி சார்… கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல சார்…"

"அப்படியா?" டாக்டர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பக்கத்தில் வந்து, ஜுரம் பார்ப்பதுபோல் தகட்டின்மேல் புறங்கையை வைத்தார். "என் வைஃபுக்கு இப்பல்லாம் தனியா இருக்கப் பிடிக்கல. நானும் எவ்வளவுதான் சமாளிக்கிறது?" பிறகு வெட்டுக் கோட்டைப் பார்த்தார். "இதை வெல்டு வெச்சு மூடிருங்க. வலி குறையும். மேல கறுப்பு ரெண்டு கோட் போதும்."

டிங்கர் மூடினார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பற்றவைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே தம்பி விசும்பினான். சின்ன வயதில் காயத்துக்கு மருந்து போடும்போது விசும்பியதுபோலவே. பட்டி பூசினார். தேய்த்தார். கறுப்பு அடித்தார். விளக்குகளைப் போட்டுக் காயவைத்தார். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பெயிண்ட் கைக்கு ஒட்டாத பதத்துக்கு வந்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

தம்பியின் மனைவி.

"என்ன மாமா, அவரு போனே எடுக்கல?"

டிங்கர் வாயைத் திறந்தார். டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமான் வாங்கப் போயிருக்கான்மா. இப்ப வந்துருவான்."

"வரட்டும், வெச்சுக்கிறேன்." அவள் வண்டியைச் சுற்றி வந்தாள். கண் விரிந்தது. "அடேயப்பா! கண்ணாடி மாதிரி இருக்கு மாமா. இதுக்காகத்தான் ராத்திரி பகல்னு பாக்காம உழைச்சீங்களா?"

"தொடாதம்மா."

அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. அவள் மட்கார்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"சூடா இருக்கே!"

பெயிண்ட் விரியவில்லை. சத்தம் இல்லை. அவளுடைய விரல்களுக்கு இடையே, ஒவ்வொரு இடைவெளியிலும், கறுப்புத் தகடு மெல்ல எழும்பியது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. கையை இழுத்தாள். வரவில்லை.

"மாமா?"

அது தம்பியின் கை இல்லை. மெலிந்த விரல்கள், ஒரு பெண்ணுடையவை. நான்காம் விரலில் மோதிரத்தின் வளையம்கூடத் தகட்டில் துல்லியமாகப் புடைத்திருந்தது. அந்தக் கறுப்பு விரல்கள் கணுக்கணுவாக, பொறுமையாக மடங்கி, அவளுடைய விரல்களை இறுகக் கோத்துக்கொண்டன.