வண்டிக்காரன் கைதட்டினான்

மதியச் சாப்பாட்டு நேரம். ஆஸ்பத்திரி வராண்டாவில் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வார்டுக்குள் நுழைந்தாள். கணவர் நினைவு தப்பிக் கிடந்தார். பெரிய டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"அவருக்குப் பிடிச்சது எதையாவது போட்டு விடும்மா. காதுல விழும்னு சொல்வாங்க," என்றிருந்தாள் நர்ஸக்கா.

அவருக்குப் பிடித்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். பழைய படங்களின் கீறலையும் கறையையும் கணினியில் துடைத்தெடுப்பது அவள் வேலை. இந்தப் படத்தை அவள் சீராக்கியபோதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பார். ஒரு குதிரைவண்டிக்காரனுக்கு மந்திர சக்தி வந்துவிடும். அது தெரியாமல், சாவு வீட்டில் கொசுவை அடிக்கக் கையைத் தட்டுவான். பிணம் எழுந்து உட்கார்ந்து, "யாருய்யா தூக்கத்தைக் கெடுக்கறது?" என்று அதட்டும். கூட்டம் விழுந்தடித்து ஓடும்.

அந்தக் காட்சியை அவர் காதருகே ஓடவிட்டாள்.

பட்!

அவர் அசையவில்லை.

எதிர்க் கட்டிலில் துணி புரண்டது.

அங்கிருந்த பெரியவர் சற்று முன்புதான் இறந்திருந்தார். முகத்தை மூடிவிட்டு, தூக்கிப் போக ஆள் வரட்டும் என்று விட்டிருந்தார்கள். அந்தப் போர்வை மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. வாய் இருக்கும் இடத்தில் துணி குழிந்து குழிந்து எழுந்தது.

காட்சி முடிந்தது. பெரியவர் பொத்தென்று சாய்ந்தார்.

வாசலில் நின்ற நர்ஸக்கா அலறிக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள். லேப்டாப்போடு நின்றவளுக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கும் மேலே ஒரு பேராசை கிளம்பியது. காட்சியைத் திரும்ப ஓடவிட்டாள்.

வண்டிக்காரன் கையை ஓங்கினான். தட்டவில்லை.

ஒவ்வொரு பிரேமாக உட்கார்ந்து துடைத்தவள் அவள். அவன் இப்படி நின்றதே இல்லை. இப்படித் தலையைத் திருப்பியதே இல்லை.

அவளைத்தான் பார்த்தான்.

"இவரு இன்னும் சாகலையேம்மா," என்றான், ரகசியம் போல.

"எழுப்பிக் குடுத்துடுங்கண்ணே. உங்க கால்ல விழறேன்."

"செத்தவங்களைத்தாம்மா எனக்கு எழுப்பத் தெரியும்."

"எப்படியாவது..."

"எப்படியாவதா?"

கணவரின் கையைப் பற்றினாள். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பிடித்த பிடிக்கு ஒரு விரல்கூட மடங்கவில்லை. அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பில்லை.

"எப்படியாவதுண்ணே."

வண்டிக்காரன் சிரித்தான்.

பட்!

கணவர் கண்ணைத் திறந்தார். எழுந்து உட்கார்ந்தார். அவள் பெயரைச் சொன்னார். அவள் ஓவென்று அழுதபடி அவர் தோளில் விழுந்தாள். "வந்துட்டீங்களா... என்கிட்டயே வந்துட்டீங்களா..."

நர்ஸக்கா திரும்பி ஓடிவந்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். விரலை நகர்த்திப் பார்த்தாள். அடுத்த கையைப் பிடித்தாள். கடைசியில் கழுத்தில் விரலை வைத்தாள்.

கணவர் தன் தோளில் கிடந்தவளை அணைத்துக்கொண்டு அன்பாகப் புன்னகைத்தார்.

நர்ஸக்கா ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனாள். "கத்தாத," என்றாள், குரலே எழும்பாமல். "அவரை விட்டுட்டு... மெல்ல இப்படி வந்துடும்மா."

அவளைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.