டயருக்குள் கால்வாய்த் தண்ணீர்

டயருக்குள் தண்ணீர் இருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றி, டயரின் ஓரத்தை நெம்பி, சைக்கிள் கடைக்காரர் வால்தெர் டியூபை வெளியே இழுத்தபோது ஒரு கரண்டி அளவுக்குக் கறுப்பாக ஏதோ வழிந்து அவருடைய கால்சட்டையில் விழுந்தது. தொட்டு முகர்ந்து பார்த்தார். கால்வாய்த் தண்ணீர். கூடவே நகத்தளவு பாசி இலை ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது, வாடாமல், இப்போதுதான் நீரிலிருந்து எடுத்ததுபோல.

"மழைகூட இல்லையேம்மா," என்றார்.

"மூடுபனி இருந்துச்சு," என்றாள் நீவெஸ்.

"மூடுபனி டயருக்குள்ள நுழையாது."

அவர் டியூபில் காற்றடித்து, தகரத் தொட்டியில் அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் காத்திருந்தார். அதுவும் சரியாகவே இருந்தது. இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து நீவெஸின் முன்சக்கரம் இப்படித்தான் அவரிடம் வந்துகொண்டிருக்கிறது, காற்று முழுக்க இறங்கி, எங்கும் ஓட்டை இல்லாமல். விஷமக்காரப் பையன்கள் யாரோ காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள் என்றுதான் முதலில் சொன்னார். நிறுத்தி வைத்த இடத்தில் இல்லை, ஓட்டிக்கொண்டு வரும்போதே இறங்குகிறது என்று அவள் சொன்ன பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். கால்வாய்க் கரைப்பாதையில், நீரேற்று நிலையத்தைத் தாண்டி, பாப்லர் மரவரிசை வருவதற்குள். எப்போதும் அங்கேதான். யாரோ இரண்டு உள்ளங்கைகளாலும் சக்கரத்தை அணைத்து மெல்ல நிறுத்துவதுபோல இருக்கும்.

"அந்த இடம் வந்தா உன் டயருக்குத் தாகம் எடுக்குது போல," என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எந்த இடம், இவள் யாருடைய மனைவி என்பது அப்போதுதான் அவர் மனதில் பட்டிருக்க வேண்டும். குனிந்து, துடைக்க வேண்டிய தேவையே இல்லாத தொட்டியைத் துடைத்தார். பிறகு, ஒட்டுத்துண்டுகளும் பசையும் நெம்புகோல்களும் போட்ட ஒரு சிறு தகர டப்பாவை அவள் கூடையில் வைத்து, இனி அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வர வேண்டாம், அந்த இடத்திலேயே கால்வாயில் முக்கிப் பார், குமிழி வந்தால் ஒட்டு, வராவிட்டால் வெறுமனே காற்றடித்துக்கொண்டு வந்துவிடு என்றார்.

அவளுடைய கணவன் எர்மெஸ் கால்வாயின் மதகுக் காவலனாக இருந்தான். போன டிசம்பரில் ஒரு மாலை, சோளக்களி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, மதகை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சைக்கிளில் போனான். விடிந்ததும் கரைமேல் அவனுடைய சைக்கிளைக் கண்டார்கள். இருக்கையும் கைப்பிடியும் தரையில் ஊன்றி, சக்கரங்கள் மேலே பார்க்க, தலைகீழாக நின்றது. முன்சக்கரம் கழற்றப்பட்டுப் புல்லில் கிடந்தது. பக்கத்தில் விரித்திருந்த துணியில் கருவிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த மனிதனை மட்டும் காணவில்லை. படகுகளில் தேடினார்கள். நீண்ட கழிகளால் குத்திப் பார்த்தார்கள். நகரத்திலிருந்து ஆட்கள் வந்து கொக்கி போட்டு இழுத்தார்கள். கால்வாய் போ என்ற நதிக்குப் போகிறது, நதி கடலுக்குப் போகிறது, இனி எங்கே என்று தேடுவது என்று கடைசியில் பாதிரியார்தான் சொன்னார். கல்லறைத் தோட்டத்தில் எர்மெஸ் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அதற்குக் கீழே மண் மட்டும்தான். கல்லறைத் திருநாளன்று சாமந்திக் கொத்தோடு அதன்முன் நின்றபோது, வீடு மாறி வேறு யாருடைய கதவையோ தட்டிவிட்டதுபோல நீவெஸுக்குக் கூச்சமாக இருந்தது.

எர்மெஸ் காணாமல் போன பிறகு அவள் கரைப்பாதையில் போகமாட்டாள் என்று ஊரே நினைத்தது. அவள் போனாள். பேரிக்காய்க் கிடங்கில் வேலை முடிந்ததும், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் குளிர்காலத்தில், தினமும் அதே பாதையில் திரும்பினாள். நெடுஞ்சாலை சுற்று, லாரிகள் வேறு என்று கேட்டவர்களிடம் சொன்னாள். உண்மைக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாதையில் எங்கோ ஒருவன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்கிறான், அந்த வழியாக யாராவது ஒருவர் போய்வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கிடங்கில் அவளுக்கு எதிரே நின்று காய் தரம் பிரிக்கும் மிர்காவிடம் மட்டும் பஞ்சர் விஷயத்தைச் சொன்னாள். மிர்கா வாயாடி. மறுநாளே தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நானும் வரேன், யாரு அந்தப் பொறுக்கின்னு பார்க்கிறேன் என்று கூடவே வந்தாள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாப்லர் மரங்கள் தாண்டும்வரை மிர்கா மேலாளரின் வழுக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஊர் விளக்குகள் தெரிந்ததும் சைக்கிளை நிறுத்தினாள்.

"நீ எதுக்குடி அந்த நேரத்துல முனகிக்கிட்டே வந்தே?" என்றாள்.

"நான் எங்க முனகினேன்?"

மிர்கா அவளையே பார்த்தாள். பிறகு பின்னால், கரை மறைந்துபோன வெண்மையைப் பார்த்தாள். "நாளையிலேர்ந்து எங்க வீட்டுக்காரர் வண்டியில வந்துடு," என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பாதைப் பக்கம் வரவே இல்லை. காதில் என்ன விழுந்தது என்று நீவெஸ் எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் காற்று இறங்கியது. மூடுபனி அவ்வளவு அடர்த்தி. கன்னத்தில் ஈரத்துணியை வைத்து அழுத்துவதுபோல இருந்தது. அழுகிய பீட்ரூட் தழைகளின் வாடையும், தூரத்தில் யாரோ எரிக்கும் திராட்சைக் கொடிகளின் புகையும், கால்வாயின் இரும்பு வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் நின்றன. டைனமோ விளக்கு சக்கரம் சுழன்றால்தான் எரியும். தள்ளிக்கொண்டு நடந்தபோது அது அணையப்போகும் கங்குபோலச் சிவந்து, அவளுடைய காலணி நுனியை மட்டும் காட்டியது. காற்றில்லாத டயர் மண்ணில் தொப்புத் தொப்பென்று அடித்தது. அந்த ஓசைக்கு நடுவே இன்னொன்று. இடது பக்கம், கரைக்குக் கீழே, நாணலுக்கு அப்பால். களக். களக். யாரோ சொம்பைத் தண்ணீரில் அமுக்குவதுபோல. அவள் நின்றால் அது நின்றது. நடந்தால் அதுவும் வந்தது. நீர் எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நீர் எலி இவ்வளவு பொறுமையாகக் கூட வருமா என்ற யோசனையை ஊர் வரும்வரை தள்ளிப்போட்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கொளியில் பார்த்தபோது, வால்வைச் சுற்றி டயரில் சேறு படிந்திருந்தது. இரண்டு விரல்களின் அகலத்துக்கு. வால்வின் மூடி திருகி இறுக்கமாக மூடியிருந்தது.

அன்றிரவு அவள் பயத்தில் அழவில்லை. அந்த விரல் தடத்தின்மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்துத்தான் அழுதாள்.

ரவென்னாவில் இருக்கும் அக்கா தீனா, தெருமுனை மதுக்கடைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அவளை வரவழைத்தாள். மிர்கா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இனி அங்கே தனியாக இருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தன் மருமகன் வண்டியோடு வருவான், கட்டிலையும் துணிமணியையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர் என்றாள். நீவெஸ் மறுத்துப் பேசக் காரணங்கள் தேடினாள். பின்னால் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அக்கா குரல் தழுதழுக்க, "அவன் வரமாட்டான், நீவெஸ். நீயாவது வா," என்றாள். நீவெஸ் சரி என்றாள்.

சனிக்கிழமை கிடங்கில் எல்லோரிடமும் விடைபெற்றாள். ஒரு பெட்டிப் பேரிக்காயைக் கூடையில் கட்டிக் கொடுத்தார்கள். மிர்கா தன் கணவரின் வண்டி வாசலில் நிற்கிறது என்றாள். சைக்கிளை என்ன செய்வது, அதையும் ரவென்னாவுக்குக் கொண்டுபோக வேண்டுமே என்றாள் நீவெஸ். மிர்கா அவள் கையை விடாமல் சற்று நேரம் நின்றாள். பிறகு விட்டாள்.

கரைப்பாதையில் காற்றே இல்லை. மூடுபனிக்குள் டைனமோவின் முனகல் மட்டும் கூட வந்தது. நீரேற்று நிலையத்தின் ஒற்றை விளக்கு மஞ்சளாக ஊறித் தெரிந்து, பின்னால் கரைந்து போனது. அந்த இடம் வந்ததும் அவள் வேகத்தைக் குறைத்தாள். சொல்லாமல் போவது சரியில்லை என்று தோன்றியது. கால்வாய்ப் பக்கம் திரும்பி, பக்கத்து அறையில் இருப்பவனிடம் சொல்வதுபோல, உரக்கவுமில்லாமல் மெல்லவுமில்லாமல் சொன்னாள்.

"எர்மெஸ், நான் நாளைக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே இந்த வழியா வரமாட்டேன்."

சக்கரம் மெத்தென்று இறங்கியது.

இறங்கி நின்றாள். விளக்கு அணைந்தது. ஓடலாம். பேரிக்காயையும் சைக்கிளையும் போட்டுவிட்டு ஓடினால் ஊர் அதிக தூரமில்லை. ஓடவில்லை. கோட்டுப் பையிலிருந்த கைவிளக்கை ஏற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைக் கழற்றினாள். விரல்கள் விறைத்திருந்தன. நெம்புகோல் இரண்டு முறை வழுக்கியது. டியூபை உருவி, பம்பால் காற்றடித்து, நீர்மட்டம் பார்க்கக் கட்டிய கல்படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசிப் படியில் மண்டியிட்டு, கைவிளக்கைப் பக்கத்தில் வைத்து, டியூபைத் தண்ணீரில் அமுக்கினாள். குளிர் எலும்பில் ஏறியது.

குமிழி இல்லை.

திருப்பினாள். இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். அவளுடைய மூச்சு வெண்மையாகத் தண்ணீரின்மேல் தவழ்ந்து கலைந்தது. டியூபில் ஓட்டை இல்லை, வால்தெர் சொன்னதுதான். எடுக்கப் போனாள்.

அப்போது குமிழி வந்தது. டியூபிலிருந்து இல்லை. ஆழத்திலிருந்து. ஒன்று. பிறகு ஒன்று. பிறகு வரிசையாக, படியை நோக்கி.

டியூப் கனத்தது.

யாரும் இழுக்கவில்லை. பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். மறுமுனையில் ரப்பரை இரண்டு விரல்கள் கிள்ளின. பொறுத்தன. ஒரு சாண் தள்ளி மறுபடி கிள்ளின. பொறுத்தன. அந்த நடுக்கம் ரப்பர் வழியாக அவள் உள்ளங்கைக்கு வந்தது. எர்மெஸ் இப்படித்தான் பார்ப்பான். அவசரப்படவே மாட்டான். ஓட்டை அகப்பட்டால் பெருவிரலை அதன்மேல் வைத்து அழுத்தி, பசை தயாராகும்வரை எடுக்கவே மாட்டான்.

"நீதானா?" என்றாள்.

விரல்கள் நின்றன. மறுபடி கிள்ளின. நெருங்கி. இன்னும் நெருங்கி.

கையை எடுத்துவிட வேண்டும் என்று தெரிந்தது. எடுக்கவில்லை. வாசலில் விளக்கு வைத்து உட்கார்ந்திருந்த ராத்திரிகள் எல்லாம் அந்தக் கையில் இருந்தன.

டியூப் முடிந்து அவள் விரல் தொடங்கிய இடத்தை அது வந்து தொட்டது. நிற்கவில்லை. அவள் சுட்டுவிரலைக் கிள்ளியது. பொறுத்தது. மணிக்கட்டைக் கிள்ளியது. பொறுத்தது. ஐஸ்போல, மென்மையாக, ஊறிப்போன விரல்கள். வேறுபாடு அதற்குத் தெரியவில்லை. ரப்பர் எது, தோல் எது என்று.

"எர்மெஸ், இது நான்."

கேட்கவில்லை. முழங்கை. தோள். தண்ணீரைவிட்டு மேலே வந்தது, கறுத்த சட்டைக்கையிலிருந்து சேறு சொட்ட. கழுத்து. கிள்ளியது. பொறுத்தது. ஒரு ஓட்டையைத் தேடுகிறது. எங்கோ காற்று போகிறது, எங்கென்று தேடுகிறது.

கைவிளக்கின் ஒளியில் அவளுடைய மூச்சு வெளியே வந்தது. வெண்மையாக. மறுபடியும். வெண்மையாக.

அந்தக் கை அசையாமல் நின்று அதைப் பார்த்தது.

பிறகு, மிகக் கவனமாக, அதன் பெருவிரல் அவள் வாயின்மேல் படிந்து அழுத்தியது.