நுனி சுழித்த கம்பி

காலை பதினோரு மணிக்கு அந்த வீட்டின் அழைப்பு மணியை அடித்தேன். கதவைத் திறந்த அம்மாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கருவிப் பையைத்தான் பார்த்தார்.

"ஆடியோ மெக்கானிக்தானே? உள்ள வாங்க. என்ன பழுதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம். யார் கை வச்சதுன்னு தெரியணும்."

நடைவழியில் ஒரு பெட்டி கட்டித் தயாராக இருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவருடைய கொழுந்தன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். என் தலையெழுத்து இன்னிக்கு உங்க மீட்டர்லதான் இருக்கு" என்று சிரித்தார். அம்மாள் சிரிக்கவில்லை.

அவருடைய கணவர் இறந்து மூன்று மாதம். அவர் தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபையர் செட் பூட்டிய அறைக்குள் இருந்தது. இந்த மூன்று மாதத்தில் இரண்டு முறை ஸ்பீக்கர் கருகிவிட்டது. இரண்டு முறையும் இடது பக்கம்.

"இன்னொரு சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார் அம்மாள், கொழுந்தனைக் காட்டி. "அறை அவருக்கு வேணும். செட் வீணாப் போனா நானே தூக்கிப் போட்டுடுவேன்னு கணக்கு. அவர் கைதான்னு நீங்க சொல்லிட்டா, அந்தப் பெட்டி இப்பவே வெளிய போயிடும்."

"அண்ணி, ஈயம் வைக்கிற சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாது. ஒரு தடவை சூடான பக்கத்தைப் பிடிச்சுட்டு நான் கத்தினதுக்கு அண்ணன் நாலு நாள் சிரிச்சாரு."

அவர் உள்ளங்கையில் பழைய தழும்பு இருந்தது. ஆனாலும் நான் நம்பவில்லை. தழும்பைக் காட்டிப் பேசுகிறவர்களை எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு தம்பி உண்டு. ஆறு வருடமாகப் பேச்சு இல்லை.

அறையில் ஜன்னல் மூடியிருந்தது. கருகிய வாடையோடு இன்னொரு வாடையும் கலந்திருந்தது. யாரோ அப்போதுதான் ஈயம் வைத்த வாடை.

எப்போதும்போல் கண்ணை மூடிக் கடவுளை ஒரு நொடி நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். பாட்டு என்பது முன்னும் பின்னும் ஆடும் மின்சாரம். அதோடு அசையாமல் நிற்கும் மின்சாரம் சேர்ந்து வெளியே வந்தால் ஸ்பீக்கரின் கூம்பு ஒரே பக்கமாகத் தள்ளப்பட்டு நிற்கும். சத்தமே வராது. உள்ளே சுருள் சூடாகிக் கருகும். அதனால் முதலில் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டுக்குள் எந்தச் சத்தமும் போகாமல் அடைத்து, பத்து நிமிடம் சூடாக விட்டு மீட்டரை வைத்தேன்.

வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் இரண்டரை வோல்ட்.

மூடியைத் திறந்தேன். காரணம் பளிச்சென்று தெரிந்தது. அசையா மின்சாரத்தைத் தடுக்கிற கெப்பாசிட்டரின் இரு காலையும் ஒரு சின்னக் கம்பி நேராக இணைத்திருந்தது. புது ஈயம். வேண்டுமென்றே செய்த வேலை.

அம்மாளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் கம்பியின் நுனியைப் பார்த்தேன்.

நுனியைச் சின்ன வளையமாகச் சுழித்து ஈயம் வைத்திருந்தது. அந்தச் செட்டில் இருந்த நூறு இணைப்பும் அதே மாதிரி. ஒரே அளவு, ஒரே சுழி. அது செய்தவரின் கைப்பழக்கம். இன்னொருவரால் வராது.

செய்தவர் இறந்து மூன்று மாதம்.

கம்பியை வெட்டி எடுத்தேன். மீட்டரில் இரண்டரை வோல்ட்.

பாட்டைப் பெருக்கும் ஐசி சில்லைக் கழற்றினேன். இரண்டரை.

பிளக்கைப் பிடுங்கினேன். மிச்ச மின்சாரம் தேங்கியிருக்கும் என்று எல்லாக் கெப்பாசிட்டரையும் காலி செய்தேன்.

இரண்டரை.

திரும்பிப் பார்த்தேன். வயர் கழற்றிய இடது ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளி நின்றது. பின்னாலிருந்து ஒரு கை அழுத்துவதுபோல்.

வெளியே கொழுந்தனின் குரல் கேட்டது. "விடுங்க அண்ணி. மெக்கானிக் சொல்றவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நானே கிளம்பறேன்." பெட்டி தரையில் இழுபடும் ஓசை.

மூன்று வோல்ட்.

வாசல் தாழ்ப்பாள் நகர்ந்தது.

நான்கு. கூம்பின் விளிம்பு கிழிவதுபோல் நடுங்கியது.

"அம்மா!" என்று நடைவழிக்கு ஓடினேன். "இவர் கை இல்லம்மா. சத்தியமா இல்ல."

"அப்ப யாரு?"

வெட்டிய கம்பியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். சுழித்த நுனியைப் பார்த்ததும் அம்மாளுடைய முகம் வெளிறியது. பிறகு, வாசற்படியில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார்.

"பெட்டிய உள்ள வைங்க தம்பி. ரெண்டு நாளா நீங்க சரியாச் சாப்பிடல. நானும் பார்த்துட்டுதான் இருந்தேன். வந்து சாப்பிடுங்க."

அறைக்குள் திரும்பினேன். மீட்டரில் சுழியம். யாரோ அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் கூம்பு மெல்ல உள்ளே போனது.

சாயங்காலம் என் கடைக்கு வந்தேன். ஒரு சாப்பாட்டு அழைப்பு ஒரு வீட்டைக் காப்பாற்றியதை எண்ணியபோது தம்பியின் நினைவு வந்தது. அவன் எண் இன்னும் மனப்பாடம். நாளைக்குக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ஆறு வருடமாக அப்படித்தான் நினைக்கிறேன்.

வழக்கம்போல் பாட்டுப் போட்டேன்.

இடது பக்கம் சத்தம் வரவில்லை.

கூம்பு முன்னால் தள்ளி நின்றது.

என் சொந்தச் செட்டின் மூடியைக் கழற்றினேன். கெப்பாசிட்டரின் இரு காலையும் ஒரு சின்னக் கம்பி இணைத்திருந்தது. நுனியில் அதே சுழி.

விரலால் தொட்டேன். ஈயம் இன்னும் ஆறவில்லை.