நாலாவது கடைக்குப் பிறகு

பதிவு நாற்பத்தோரு நிமிடம். அதில் எல்வீராவுக்குச் சந்தேகமே கிடையாது. வெளிச் சத்தம் விழக்கூடாது என்று, கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு மூன்று மத்தியானம் உட்கார்ந்து பேசியவள் அவள்தான். இப்போது போன் ஐம்பத்தாறு என்று காட்டியது.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஐம்பத்தாறேதான்.

ஜன்னலுக்கு வெளியே ஆற்றிலிருந்து ஏறி வந்த நவம்பர் பனி பழைய பேராலயத்தின் சுவரைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. ஈரக்கல் வாசனையும் எங்கோ கஷ்கொட்டை வறுக்கிற புகையும் கலந்து அறைக்குள் வந்துகொண்டிருந்தன. மணி ஐந்தேகால் ஆகப் போகிறது. ஐந்து மணிக்கே அவள் கணவன் தெல்ஃபிம் வந்திருக்க வேண்டும். வந்து, ஈரத் தொப்பியை நாற்காலியில் எறிந்துவிட்டு, "மகாராணி, சொன்னபடி வந்துட்டேன்" என்று கத்தியிருக்க வேண்டும். அவன் எந்தக் கடையில் நிற்கிறான் என்று கணக்குப் போடத்தான் அவள் பதிவைத் திறந்ததே.

முதலில் அதை வெளியூர்க்காரர்களுக்காகத்தான் செய்தாள். வழிகாட்டி என்று ஒருத்தி முன்னால் குடையைத் தூக்கிக்கொண்டு நடப்பது பிடிக்காமல், காதில் ஒரு குரலோடு தாங்களாகவே கோயிம்ப்ரா நகரைச் சுற்றிக் கடை கடையாகத் தின்ன விரும்புகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. போன வருடம், பல்கலைக்கழக நூலகத்தில் முப்பது வருடம் புத்தகம் எடுத்துக் கொடுத்த தெல்ஃபிம், தன் வீட்டு வாசலிலேயே நின்று இது யார் வீடு என்று கேட்டான். நடக்கவிடுங்கள், பழகிய வழியில் நடக்கவிடுங்கள் என்றார் டாக்டர். எல்வீராவின் முழங்காலோ அந்தப் படிக்கட்டுகளைத் தினமும் தாங்காது. அதனால் ஆறு கடையை நாலாகக் குறைத்து, அவனுக்காகவே புதிதாகப் பேசினாள்.

"வாசல்ல நின்னு வானத்தப் பாக்காத, தெல்ஃபிம். இடது பக்கம் எறங்கு. போன் அடிச்சா எடுக்காத. நான்தான் பேசிக்கிட்டிருக்கேன்ல."

எட்டு மாதமாக ஒரு நாள் தவறியதில்லை. அண்ணன் பெயரை மறந்தவன், அந்தக் குரலை மட்டும் குழந்தை மாதிரி நம்பினான். இடது என்றால் இடது. குடி என்றால் குடிப்பான். இன்றைக்கு முதல்தடவையாக அந்த நம்பிக்கை அவளைப் பயமுறுத்தியது. நாலு முறை கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கமாட்டான், அவள் சொல்லியிருக்கிறாளே.

கோட்டை மாட்டிக்கொண்டு, காதில் பதிவை ஓடவிட்டு இறங்கினாள்.

தன் குரலே தனக்கு வழி சொல்வது விசித்திரமாக இருந்தது. முதல் கடையான பேக்கரியில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். தெல்ஃபிம் நேரத்துக்கு வந்து இனிப்பு ரொட்டி வாங்கிப் போனார் என்றார்கள். அங்கிருந்து முதுகை ஒடிக்கும் படிக்கட்டு; ஊரே அதை அப்படித்தான் அழைக்கிறது. கல் வழுக்கியது. கறுப்பு அங்கி போர்த்திய மாணவர்கள் நாலைந்து பேர் பனிக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்து அவளைக் கடந்து போனார்கள். கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கும்போது, காதில் ஓடும் குரலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் இருப்பதைக் கவனித்தாள். பீங்கான் மேல் கரண்டி வைக்கிற சத்தம். இன்னொரு கரண்டி. யாரோ நிதானமாக மேஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். அலமாரிக்குள் கோட்டுகளைத் தவிர ஒன்றும் இருக்கவில்லையே.

அல்மெதினா வளைவுக்குக் கீழே சுல்மீராவின் சூப் கடை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏண்டி, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் சுல்மீரா, கீரை நறுக்கிய கையைத் துடைத்துக்கொண்டே. "உன் மாப்பிள்ளை அப்பவே வந்துட்டுப் போயாச்சு. இன்னிக்கு ஒரே குஷி."

"என்ன குஷி?"

"புதுசா ஒரு எடம் சேத்திருக்கியாமே. எல்வீரா எனக்காக வெச்சிருக்கா, உங்க யாருக்கும் சொல்லமாட்டேன்னு ஒரே பீத்தல். எந்த எடம்டி? எங்கிட்டகூட மறைக்கிற பாரு."

"நான் ஒண்ணும் சேக்கல, சுல்மீரா."

சுல்மீரா சிரித்தாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "ஒரு வாய் சூப் குடிச்சிட்டுப் போயேன்" என்றாள். எல்வீரா அதற்குள் தெருவில் இருந்தாள்.

மூன்றாவது, சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அபீலியோவின் சாப்பாட்டுக் கடை. சிவப்பு ஒயினில் மணிக்கணக்காக வெந்த ஆட்டுக்கறியின் வாசனை சந்தின் முனையிலேயே வந்து மோதியது. வேறொரு நாளாக இருந்தால் நாக்கில் நீர் ஊறும். இன்று நேராக உள்ளே போனாள். அபீலியோ ஒரு வெளியூர் ஜோடியின் முன்னால் ரொட்டியும் ஆலிவும் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டிருந்தான். யாரும் கேட்காமலே வருவது அது. எல்லாக் கடையிலும் அப்படித்தான். வேண்டாமென்றால் தொடக்கூடாது. தொட்டுவிட்டால் அது உன்னுடையது, காசு கொடுத்தாக வேண்டும்; உட்கார்ந்துவிட்டாய் என்று பொருள். தெல்ஃபிமுக்கு அந்தக் கட்டுப்பாடு ஒருநாளும் வந்ததில்லை.

"எல்வீராம்மா, அதான் எனக்கும் ஆச்சரியம்" என்றான் அபீலியோ. "ஐயா நாற்காலில உக்காருறதுக்கு முன்னாடியே கை ரொட்டிக்குப் போயிரும். இன்னிக்கு தொடவே இல்ல. எல்வீரா வயித்துல எடம் வெச்சுக்கச் சொல்லியிருக்கா, அடுத்து போற எடத்துலயும் ரொட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா அப்படின்னாரு. உங்களுக்கு இவ்வளவு பயப்படுவாருன்னு தெரியாமப் போச்சு."

"எந்தப் பக்கம் போனாரு?"

"ஆத்துப் பக்கம்தான். எப்பவும் போலதான்."

ஆற்றுப் பக்கம், பாலத்தடி, கஷ்கொட்டை வண்டி. அதுதான் நாலாவது. வண்டிக்காரன் தலையை ஆட்டினான். பொட்டலம் வாங்கிக்கொண்டார், ஆனால் வீட்டுக்குப் போகும் மேட்டுத் தெருவில் ஏறவில்லை, திரும்பச் சந்துக்குள்ளேயே போனார் என்று கையைக் காட்டினான். அப்போது மேலே பல்கலைக்கழகக் கோபுரத்தில் மணி அடித்தது. 'ஆடு' என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் திட்டும் மணி. ஆறு முறை. அவள் எண்ணிக்கொண்டே நின்றாள். பனி இப்போது ஆற்றையும் பாலத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது, எதிர்க்கரை விளக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

காதில் நாற்பத்தோராவது நிமிடம் முடிந்தது. 'சமத்து. இப்ப நேரா வீட்டுக்கு வா' என்பதுதான் அவள் பேசிய கடைசி வரி. அது வரவில்லை.

"சமத்து" என்றது அவள் குரல். "இப்ப திரும்பு."

கால் அசையவில்லை.

"திரும்பு. அவசரப்படாத. உனக்கு முழங்கால் வலிக்கும்."

தெல்ஃபிமுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை. காதில் இருப்பதைப் பிடுங்கி எறியத்தான் கை போனது. எறிந்துவிட்டால் வழி தெரியாது. அவன் போன வழி இதில்தான் இருக்கிறது. பற்களைக் கடித்துக்கொண்டு, தன் குரல் சொன்ன சந்துக்குள் நுழைந்தாள். அறுபத்தொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறாள், ஆனால் இரண்டாவது திருப்பத்துக்குப் பிறகு எந்தக் கதவும் அவளுக்குத் தெரிந்த கதவாக இல்லை. துணி காயும் கொடிகள். சொட்டுகிற குழாய். பூனை இல்லை, டிவி சத்தம் இல்லை, எந்த வீட்டிலும் வெங்காயம் வதங்கும் வாசனைகூட இல்லை.

"இடது. மூணு படி கீழ. தலையக் குனிஞ்சுக்க."

தாழ்ந்த கதவு. பெயர்ப்பலகை இல்லை. திறந்திருந்தது.

உள்ளே கதகதப்பு. ஒரே ஒரு விளக்கு, ஒரே ஒரு மேஜை மேல். இரண்டு பேருக்குப் போட்டிருந்தது. ஒரு நாற்காலியில் தெல்ஃபிமின் தொப்பி, இன்னும் ஈரமாக. அதன் எதிரே இருந்த ரொட்டி முழுசாக இருந்தது, விரல்கூடப் படவில்லை. கஷ்கொட்டைப் பொட்டலம் பக்கத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடு.

"தெல்ஃபிம்."

திரைக்குப் பின்னால் ஏதோ கொதிக்கும் சத்தம். யாரும் வரவில்லை.

"தெல்ஃபிம், நான்தான். வா, வீட்டுக்குப் போலாம்."

கழிவறைக்குப் போயிருப்பான். தொப்பி இருக்கிறது, சூடு இருக்கிறது, வேறெங்கே போவான். அந்த நினைப்பு வந்ததும் உடம்பில் இருந்த விறைப்பெல்லாம் ஒரேயடியாக விட்டுப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். காதில் குரல் நின்றிருந்தது. கழிவறைக் கதவு எங்கே இருக்கும் என்று இருட்டில் துழாவிக்கொண்டே, அவனை என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே, காத்திருக்கும் எவரும் செய்வதைப் போல, அவள் கை தன்னால் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டது.

மென்றாள். நல்ல ரொட்டி.

போன் அடித்தது. தெல்ஃபிம்.

"எங்க இருக்க?" என்று கத்தினாள். "எங்க போய்த் தொலைஞ்ச?"

"யாரும்மா பேசறது?" தெல்ஃபிமின் குரல் மரியாதையாக, தெரியாதவர்களிடம் பேசும் குரலாக இருந்தது. "நாலு தடவ கூப்பிட்டிருக்கீங்க. எதாச்சும் அவசரமா?"

"நான் எல்வீரா."

அவன் சிரித்தான். "எல்வீரா இங்க வீட்டு அடுப்படில நிக்கிறாளே."

பின்னால், வாணலி சத்தத்துக்கு மேல், ஒரு பெண் கேட்டாள். "யாரு தெல்ஃபிம்?"

அலமாரிக்குள் மூன்று மத்தியானம் பேசிய குரல்.

"தெரியல. உன் பேரச் சொல்றா பாவம்."

"தெல்ஃபிம், கேளு. அது நான் இல்ல. வெளிய வந்துரு. நம்ம கல்யாணத்தன்னிக்கு மழையில என்ன ஆச்சுன்னு அவகிட்ட கேளு. கேளு."

"கல்யாணத்தன்னிக்கா?" அவன் தடுமாறினான். அவனுக்கு நினைவில்லை. அது அவளுக்கே தெரியும். எட்டு மாதமாகத் தெரியும். அவன் திரும்பிக் கேட்டான், அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்: கார் சேற்றில் சிக்கியது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோயில்வரை ஓடியது, பாதிரியார் தன் துண்டைக் கொடுத்தது. எல்வீராவே மறந்துபோயிருந்த ஒன்றையும் அந்தப் பெண் சொன்னாள். அந்தத் துண்டின் நிறம்.

"அட, ஆமா" என்றான் தெல்ஃபிம். அவன் குரலில் வருடக்கணக்காக இல்லாத ஒரு தெளிவு. "பச்சை. ஆமா, பச்சைதான். சரியாச் சொல்றா, அம்மா. நீங்க வேற யாரையோ தேடறீங்க."

"வை, தெல்ஃபிம். சாப்பாடு ஆறுது."

வைத்துவிட்டான்.

எழுந்தாள். எழ நினைத்தாள். கால் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. அவள் முன்னால் ஒரு தட்டு சூப் இருந்தது. யார் வைத்தார்கள் என்று பார்க்கவில்லை. மூன்று படி இருந்த பக்கம் சுவர். ஈரச் சுவர். கதவு இல்லை.

பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது.

அங்கே மட்டும் பனி விலகியிருந்தது. குன்று முழுக்கத் தெரிந்தது. அடுக்கடுக்காக வீடுகள், மஞ்சள் வெளிச்சங்கள், உச்சியில் கோபுரம். அவள் கண் தன்னால் தன் வீட்டு ஜன்னலைத் தேடிப் பிடித்தது. தெல்ஃபிம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரொட்டியைத் தாராளமாகப் பிய்த்தான். வீட்டில் எல்வீராவின் கோட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் தொங்கும் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிய ஒருத்தி, அவன் தலையைத் தடவிவிட்டு, ஜன்னலருகே வந்தாள். நேராகக் கீழே பார்த்தாள். அவசரமே இல்லாமல் பலகைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

எல்வீரா கத்தினாள். யாரோ மெதுவாக "உஸ்" என்றார்கள்.

கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. அறை பெரிது. மேஜைகள் சுவர்வரை, அதற்கப்பாலும். எல்லா மேஜையிலும் ஆட்கள். ஒரு நிமிடம் உட்காரலாம் என்று வந்தவர்களைப் போல யாருமே கோட்டைக் கழற்றவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் பிய்த்த ரொட்டி. ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எல்லா முகமும் அந்த ஜன்னலைப் பார்த்தபடி, குன்றில் ஆளுக்கொரு வீட்டின் வெளிச்சத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.