காய்ச்சலைத் திருடியது யார்?

போன் அடித்தது.

சர்ஜன் கண்ணைத் திறக்காமலே எடுத்தார். காலையிலிருந்து நின்றே வேலை. கால் இரண்டும் வேறு யாருடையதோ போலிருந்தது.

"டாக்டர்... உடனே குழந்தைங்க வார்டுக்கு வாங்க." நர்ஸ் பதறினாள். "இன்ஸ்பெக்டர் நம்ம கேன்டீன்காரர் சட்டையைப் புடிச்சுட்டார்!"

இன்ஸ்பெக்டரின் சின்ன மகளுக்குக் குடல்வால் வெடித்து, போன வாரம்தான் சர்ஜன் ஆபரேஷன் செய்திருந்தார். நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. கேன்டீன் கஞ்சியில் விஷம் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்.

சர்ஜன் போனார். சட்டையை விடுவித்தார். படுக்கையருகே உட்கார்ந்தார்.

சிறுமி முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, சளி சளியாகப் போகிறதாம். ஒன்றுக்கும் அடிக்கடி ஓடுகிறாளாம். அடிவயிற்றில் கை வைத்ததும் அவர் விரலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

விஷமில்லை. உள்ளே சீழ் கட்டி, குடலையும் மூத்திரப்பையையும் உறுத்துகிறது...

ஆனால் சீழ் இருந்தால் காய்ச்சல் அடிக்குமே, அது எங்கே போச்சு?

நர்ஸ் பார்த்தபோதெல்லாம் இல்லை. அதை நம்பி, நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார். அனுப்பியிருந்தால், வீட்டில் சீழ் உடைந்திருந்தால்... உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. மூத்திரப்பைக்குப் பின்னால் எலுமிச்சம்பழ அளவு சீழ்!

மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியை இறக்கி, மெல்லிய குழாய் வைத்தார்கள். நாற்றத்தோடு வடிந்தது. ஆன்டிபயாடிக்கை மாற்றினார். ஆபத்து நீங்கியது. சிறுமி காலை நீட்டித் தூங்கினாள்.

வெளியே இன்ஸ்பெக்டர் காத்திருந்தார்.

"யார் மேல கேஸ் போடணும்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்."

சர்ஜனின் கண் அவருடைய காக்கிச் சட்டைப் பையிலேயே நின்றது. பையின் ஓரத்தில் ரோஸ் நிறக் கறை. அதை மொய்த்து எறும்புகள்...

"பையில என்ன சார்?"

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி வெளியே எடுத்தார். காய்ச்சல் சிரப். பாதி காலி.

"வீட்டுக்குப் போலாம்ப்பான்னு ஒரே அழுகை... காய்ச்சல் இல்லேன்னா விட்டுடுவீங்கன்னு, நர்ஸம்மா பார்க்க வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடுவேன்..."

இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சர்ஜனுக்குக் கோபம் வந்தது. கத்தத்தான் தெம்பில்லை. அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"முதல்ல கேன்டீன்காரர்கிட்ட மன்னிப்பு கேளுங்க. அப்புறம், ஸ்டேஷன்ல ஆள் பத்தலேன்னா இந்த எறும்புங்களை வேலைக்குச் சேத்துக்குங்க சார்... உங்களுக்கு முன்னாடியே ஆளைப் புடிச்சிடுச்சுங்க!"