கழுவி ஊற்றியது

குசினி மூலையில் அரிசி வாளி நின்றது. காலையில் அது அரிசி வாளியாக இருக்கவில்லை.

சிவாஜினி அரிசி அளக்கும் சுண்டை உள்ளே விட்டு அள்ளினாள். அள்ளிய கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரிசியில் நீச்சல் குளத்தின் வாடை அடித்தது. வாளிக்கு நீல மூடி. பக்கவாட்டில் கம்பி நாரால் தேய்த்தும் போகாமல் அவளுடைய கையெழுத்தே கிடந்தது: ‘வேறு எதோடும் சேர்க்கக் கூடாது.’

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோவில் என்ற இந்தப் புறநகரில் வீடு வாங்கி இரண்டு வருடமாகிறது. பின்வளவில் ஒரு நீச்சல் குளம், அதற்கு இரண்டு வகைக் குளோரின். தனித்தனியே இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஒன்றோடொன்று சேரவே கூடாது, அள்ளும் கரண்டி கூட வேறுவேறாக இருக்க வேண்டும், ஈரம் படவே கூடாது என்று கடைக்காரர் மூன்று தரம் சொல்லி அனுப்பினார். அவள் நீல மூடியைக் கராஜின் ஒரு தொங்கலிலும் சிவப்பு மூடியை மறு தொங்கலிலும் வைத்து, இரண்டிலும் எழுதி ஒட்டினாள். கணவன் கணேசலிங்கம் நின்று சிரித்தான். “உமக்கு எல்லாத்துக்கும் பயம். இரண்டும் மருந்துதானே.”

அவனுக்கு எல்லாமே மருந்து. இருமல் பாணியும் மருந்து, எறும்புக்குப் போடும் தூளும் மருந்து, குளத்துக்குப் போடுவதும் மருந்து. எவ்வளவு படித்து என்ன!

அவள் தொலைபேசியை எடுத்தாள். வெளியே நாற்பது பாகை வெயில். பின்வளவுப் புல்லில் ஆறு வயது மகள் லக்சிகா தண்ணீர்க் குழாயைத் தலையில் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தாள். நோபல் பார்க்குக்கு மீன் வாங்கப் போன கணேசலிங்கம் காருக்குள்ளிருந்து பேசினான்.

“இஞ்சை, நீல மூடி வாளிக்குள்ள இருந்த சாமான் எங்கை?” என்றாள்.

“சிவப்பு மூடிக்குள்ள கொட்டினனான். இரண்டிலையும் அரைவாசிதானே கிடந்தது. சும்மா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு.”

“எப்ப?”

“வெளிக்கிட முன்னம்தான். நல்ல வாளியப்பா, எறிய மனம் வரேல்லை. வடிவாக் கழுவித் துடைச்சுத்தான் அரிசி கொட்டினனான்.”

சிவாஜினி வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். “கழுவின தண்ணி?”

“அதையும் சிவப்பு மூடிக்குள்ளதான் ஊத்தினனான். அடியிலை ஒட்டிக் கிடந்ததை வீணாக்கிறதே?”

தேங்காய்ப்பால் தகரத்தைக் கழுவிக் கறிக்குள் ஊற்றுவார்கள். சோஸ் போத்தலையும் கழுவி ஊற்றுவார்கள். ஷாம்பு போத்தலைக் கூடக் கழுவி இன்னும் இரண்டு நாள் ஓட்டுவார்கள். அந்த வீட்டில் எதையும் அப்படியே எறிந்ததில்லை. அவளும்தான்.

அப்போது செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தொலைபேசியை எறிந்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடக் கோபம் தொண்டை வரை வந்து நின்றது. அவள் கத்தத் தொடங்கினாள். எழுதி ஒட்டினது கண்ணுக்குத் தெரியேல்லையா, நான் என்ன விசரியா, என்ர சொல்லுக்கு இந்த வீட்டிலை ஒரு மதிப்பிருக்கா என்று, மீன் கறிக்கு உப்புக் கூடிப்போன நாளிலிருந்து எல்லாவற்றையும் இழுத்து வைத்துக் கத்தினாள். முதுகுக்குப் பின்னால் ஈரச் சட்டை சொட்டச் சொட்ட யாரோ வந்து நின்றதும், “அம்மா, கேன் ஐ கெட் மை வாத்து?” என்று கேட்டதும் அவள் காதில் விழுந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓம், ஓம், எடு! அம்மா கதைக்கிறன் எல்லே, போ!”

பிறகும் கத்தினாள். மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிந்தது.

பாட்டு இல்லை. வெளியே குழாய்த் தண்ணீர் புல்லில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே வேறொரு சத்தம், பிரஷர் குக்கர் விசிலடிக்க முன்னம் இரையுமே அப்படி, மெல்லிசாக, விடாமல். அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. சத்தம் உடுப்புக் கழுவும் அறைப் பக்கத்திலிருந்து வந்தது. அந்த அறைக்குள்ளேதான் கராஜுக்குப் போகும் கதவு. பிறகு வாடை வந்தது. அரிசியில் இருந்த அதே வாடைதான், ஆனால் இது கண்ணைக் குத்தியது, தொண்டைக்குள் நகம் போட்டுக் கீறியது.

வாத்து.

காற்றடித்த மஞ்சள் வாத்து. குளத்தில் மிதக்க விடுவது. போன கோடையில் வாங்கியது.

அது எங்கே தொங்குகிறது?

கராஜில். ஆணியில். சிவப்பு மூடி வாளிக்கு மேலே.

“லக்சி!”

பதில் இல்லை. ஓடினாள். கண் எரிந்தது. இருமினாள். சேலை இல்லை, துவாய் இல்லை, கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

“லக்சி! வெளிய வா! லக்சி!”

இரைச்சல் நின்றது.

ஒரு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கராஜுக்குள் ஏதோ வெடித்தது. கதவு ஒருமுறை உதறியது. அதன் அடி இடுக்கால் மஞ்சளும் பச்சையுமாய்ப் புகை வந்தது. மேலே எழும்பவில்லை. தரையோடு தரையாக, அவசரமே இல்லாமல், அவள் காலை நோக்கி ஊர்ந்தது.

கையிலிருந்த தொலைபேசியில் அவன் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தான். “ஹலோ? கேக்குதே? ஏனப்பா இப்பிடிக் கத்துறீர்? இரண்டும் மருந்துதானே.”

அவள் கீழே பார்த்தாள். வெள்ளை ஓட்டுத் தரையில் சின்ன ஈரக் காலடிகள். பின்வளவுக் கதவிலிருந்து குசினிக்கு. குசினியில் அவள் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று சொட்டிய இடம். அங்கிருந்து கராஜ் கதவுக்கு. எல்லா விரல்களும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பி வந்த காலடி ஒன்றுகூட இல்லை.

வெக்கையில் அவை ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.